பல் போனால் எலும்பும் போகும்

பல்லைப் பிடுங்கிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருப்பவர் வழக்கமாகக் கேட்பவை இரண்டு கேள்விகள்தான். இரத்தம் எப்போது நிற்கும்? எப்போது சாப்பிடலாம்? அரைமணி நேரம் பஞ்சைக் கடித்தபடி இருந்தால் இரத்தம் பெரும்பாலும் நின்றுவிடும். மரத்துப்போனது தெளிந்த பிறகு ஆறிய கஞ்சியோ தயிர்சாதமோ சாப்பிடலாம். அந்தப் பல்லை இத்தனை ஆண்டுகள் தாங்கி நின்ற எலும்பு இனி என்ன ஆகும் என்று நோயாளி கேட்பதில்லை. பல நேரங்களில் மருத்துவரும் தாமாகச் சொல்வதில்லை. ஓராண்டோ ஈராண்டோ கழித்து, இம்பிளான்ட் (செயற்கைப் பல்லைத் தாங்க எலும்புக்குள் முடுக்கும் டைட்டானியத் திருகு) வைக்கலாம் என்று வந்து ஸ்கேன் எடுக்கும்போதுதான் 'எலும்பு போதவில்லை' என்ற சொல் முதன்முறையாக அவர் காதில் விழுகிறது. அந்த எலும்பு ஏன் போயிற்று, பிடுங்கிய அன்றே குழியில் எலும்புத்தூள் வைத்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும், யாருக்கு அது தேவை, யாருக்குத் தேவையில்லை என்பவற்றைப் பல் ஆடத் தொடங்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது. ஏனெனில் பல்லைப் பிடுங்குவதற்கு முன்புதான் இந்த முடிவை எடுக்க முடியும்.

தாடை எலும்பு முழுவதும் ஒரே தன்மை கொண்டதில்லை. அடியில் இருக்கும் எலும்பு, பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருக்கும். அதன்மேல் வயல் வரப்பைப்போல எழும்பி, பற்களைச் சுற்றி நிற்கும் பகுதி பல்லோடு சேர்ந்து உருவாவது. பல் முளைக்கும்போதே அதுவும் வளர்கிறது. பிறவியிலேயே பல் இல்லாத இடத்தில் வரப்பும் சரியாக எழும்புவதில்லை. வேருக்கும் குழியின் சுவருக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர் அளவே உள்ள இடைவெளியில் நார்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. அவற்றின் ஒரு முனை வேரிலும் மறுமுனை எலும்பிலும் பதிந்திருக்கும். நார்க்கற்றைகள் பதிந்துள்ள அந்த உட்சுவரைக் கற்றை எலும்பு என்பார்கள். நாம் கடிக்கும் ஒவ்வொரு கடியின் அழுத்தமும் இந்த நார்கள் வழியாகவே எலும்புக்குப் போகிறது. கற்றை எலும்புக்கு வேண்டிய இரத்தத்தில் பெரும்பங்கும் இந்த நார்ப்பகுதியில் ஓடும் நுண்குழாய்களிலிருந்தே வருகிறது. பல்லைப் பிடுங்கும்போது நார்கள் அறுகின்றன. அந்தக் கணத்திலேயே கற்றை எலும்பு தன் வேலையையும் இரத்த ஓட்டத்தையும் சேர்த்து இழந்துவிடுகிறது.

இந்த இழப்பு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் நடப்பதில்லை. ஒரு பற்குழியை மேலிருந்து பார்த்தால், நாக்குப் பக்கமும் அண்ணப் பக்கமும் உள்ள சுவர் தடிமனாகவும், உதட்டையும் கன்னத்தையும் பார்த்த சுவர் மெலிந்தும் இருக்கும். மேல்தாடையின் முன்பற்களில் இந்த வெளிச்சுவர் மிகவும் மெல்லியது. 2010இல் வெளியான ஓர் அளவீட்டில், பிடுங்கப்பட்ட மேல் முன்பற்களில் 87 சதவீதத்தில் இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாகவே இருந்தது. முட்டை ஓட்டைவிடச் சற்றுத் தடிமனான ஒரு தகட்டை நினைத்துக்கொள்ளலாம். இவ்வளவு மெல்லிய சுவரின் மேல்விளிம்பு பெரும்பாலும் முழுக்கக் கற்றை எலும்பாகவே இருக்கும். அதற்குப் பின்னால் தாங்கிக்கொள்ள வேறு எலும்பு இல்லை. கற்றை எலும்பு கரையும்போது சுவரே கரைகிறது.

இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் பிரேசிலைச் சேர்ந்த மொரீசியோ அராவுஜோவும் சுவீடனின் யான் லின்டேயும். 2005இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், நாய்களின் கீழ்த்தாடையில் வேரை எடுத்துவிட்டு, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு வாரங்களில் அந்த இடத்து எலும்பை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எட்டு வாரத்தில் கன்னப் பக்கச் சுவரின் உச்சி, நாக்குப் பக்கச் சுவரைவிட ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்து போயிருந்தது. முதலில் உட்புறக் கற்றை எலும்பு கரைந்தது. பிறகு இரு சுவர்களின் வெளிப்புறமும் தேய்ந்தது. குழிக்குள் புது எலும்பு நிரம்பிக்கொண்டிருந்த அதே வாரங்களில் வெளிச்சுவர் தேய்ந்துகொண்டிருந்தது என்பதே இதில் கவனிக்க வேண்டியது. குழி ஆறுவதும் வரப்பு குறுகுவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. 'நன்றாக ஆறிவிட்டது' என்று மருத்துவர் சொல்வது உண்மைதான். ஆறிய இடம் முன்பிருந்த அளவில் இருக்காது என்பதும் உண்மைதான்.

ஆறும் விதம் ஏறத்தாழ எல்லோருக்கும் ஒன்றே. முதல் நாளில் குழி முழுவதும் இரத்தம் உறைந்து கருஞ்சிவப்பான கட்டியாகிறது. அதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கொப்பளித்தும் துப்பியும் அதைக் கழுவிவிட்டால் எலும்பு வெறுமையாகி, காதுவரை இழுக்கும் வலி வரும். ஒரு வாரத்திற்குள் நுண்குழாய்கள் புகுந்து, கட்டியின் இடத்தைச் சிவந்த மென்திசு பிடித்துக்கொள்கிறது. குழியின் அடியிலிருந்தும் ஓரங்களிலிருந்தும் முதிராத எலும்பு வலைபோலப் பின்னிக்கொண்டு மேலே வருகிறது. நான்கைந்து வாரத்தில் ஈறு மேலே மூடிக்கொள்கிறது. மூன்று, நான்கு மாதத்தில் எக்ஸ்ரேயில் குழியின் தடம் மங்கிவிடுகிறது.

அதற்குள் எவ்வளவு குறைந்துவிடுகிறது? டென்மார்க்கில் ஷ்ரோப்பும் உடனாய்வாளர்களும் 46 பேரிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு, பல் மருத்துவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது. முன்கடைவாய்ப் பல்லோ கடைவாய்ப் பல்லோ எடுத்த இடத்தில், சராசரியாக 12 மில்லிமீட்டர் அகலமாக இருந்த வரப்பு ஓராண்டில் 5.9 மில்லிமீட்டராகச் சுருங்கியிருந்தது. அதாவது பாதி. அந்தச் சுருக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிட்டது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2012ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று, ஆறு மாதத்தில் அகலத்தில் 3.79 மில்லிமீட்டரும் உயரத்தில் 1.24 மில்லிமீட்டரும் போகிறது என்று கணக்கிட்டது. சராசரிகள் ஒரு விஷயத்தை மறைத்துவிடுகின்றன. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் மேல் முன்பற்களை மட்டும் எடுத்துக்கொண்டு 2013இல் வெளியான ஆய்வில், வெளிச்சுவர் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தவர்களுக்கு எட்டு வாரத்தில் சுவரின் உயரம் 1.1 மில்லிமீட்டர் மட்டுமே குறைந்தது. ஒரு மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களுக்கு 7.5 மில்லிமீட்டர் குறைந்தது. ஒரே வாயில் ஒரே நாளில் எடுத்த இரண்டு பற்கள்கூட வெவ்வேறு விதமாக ஆறக்கூடும். எனக்கு இந்த ஒரு கணக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. எலும்புத்தூள் வேண்டுமா என்ற கேள்விக்கான விடையில் பாதி அந்தச் சுவரின் தடிமனிலேயே இருக்கிறது.

எல்லாப் பற்களும் போனவர்களுக்கு இந்தத் தேய்மானம் நிற்பதே இல்லை. அன்ட்ய டால்கிரென் 1972இல் வெளியிட்ட, 25 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், பல்செட் அணிந்தவர்களின் வரப்பு ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டே போனது. கீழ்த்தாடையின் தேய்மானம் மேல்தாடையைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. என் தந்தையின் கீழ்ச்செட் முதல் இரண்டு ஆண்டுகள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பேசும்போது எழும்பத் தொடங்கியது. இட்லி சாப்பிடும்போதுகூட நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். செட்டில் பிழை இருப்பதாகவே வீட்டில் எல்லோரும் நினைத்தோம். கீழ் ஈற்றில் விரலை வைத்துப் பார்த்தபோதுதான், வரப்பு இருக்க வேண்டிய இடம் கிட்டத்தட்டத் தட்டையாக இருந்தது தெரிந்தது. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத இடத்தில் எந்தச் செட்டும் நிற்காது.

குழியை எதையாவது வைத்து நிரப்பினால் சுவர் சரியாமல் இருக்குமே என்ற எண்ணம் இங்கிருந்துதான் வருகிறது. எலும்பில் ஏற்பட்ட பள்ளத்தை வேறு பொருளால் நிரப்பும் முயற்சி பழையது. ஜெர்மனியில் டிரெஸ்மன் 1892இலேயே பாரிஸ் சாந்தை (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) எலும்புப் பள்ளங்களில் வைத்துப் பார்த்தார். தாது நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால்கூட அங்கே புது எலும்பு உருவாகிறது என்பதை லாஸ் ஏஞ்சலஸில் மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் காட்டிய பிறகு, எலும்பை 'நிரப்பலாம்' என்பதிலிருந்து 'வளர்க்கலாம்' என்பதற்கு ஆராய்ச்சி நகர்ந்தது. பற்குழியில் இன்று வைக்கப்படும் பொருள்களில் பெரும்பாலானவை எலும்பைத் தாமே வளர்ப்பதில்லை. புது எலும்பு படர்ந்து ஏறுவதற்கான பந்தலாக நிற்கின்றன. அவரைக்கொடிக்குப் பந்தல் போட்டால் கொடியைப் பந்தல் வளர்ப்பதில்லை; கொடி தரையில் கிடக்காமல் இடம் பிடித்துத் தருகிறது. குழியிலும் இதே கதைதான். உறைந்த இரத்தம் சுருங்கி, ஈறு உள்ளே சரியாமல், அந்தக் கன அளவைப் பொருள் பிடித்து வைக்கிறது.

இந்தப் பொருள்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பொறுத்து நான்கு வகைப்படும். நோயாளியின் தாடையிலிருந்தே சுரண்டி எடுக்கும் சொந்த எலும்பில் உயிரணுக்கள் இருக்கும். ஆனால் எடுக்க இன்னோர் இடத்தைக் கீற வேண்டும், அது சீக்கிரம் கரைந்தும் விடும். ஒரு குழிக்காக அவ்வளவு தூரம் போவது அரிது. இரண்டாவது, தானம் செய்த மனிதரின் எலும்பைத் தூய்மைப்படுத்தி, உறையவைத்து உலர்த்தியது. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி இப்படிப்பட்ட எலும்பைக் காமா கதிர் செலுத்திப் பதப்படுத்தித் தருகிறது. மூன்றாவது விலங்கு எலும்பு. நான்காவது செயற்கைப் பொருள்கள்: ஹைட்ராக்ஸிஅபடைட், பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட், லாரி ஹென்ச் 1969இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த உயிர்வினைக் கண்ணாடி போன்றவை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனமும் இத்தகைய செயற்கை எலும்புப் பொருள்களை உருவாக்கியிருக்கிறது.

உலகெங்கும் அதிகமாக ஆராயப்பட்டது மாட்டெலும்பு. அதிலுள்ள கொழுப்பு, புரதம் எல்லாவற்றையும் வெப்பத்தாலும் ரசாயனத்தாலும் நீக்கிவிட்டு, தாது எலும்புக்கூட்டை மட்டும் குருணையாக்கி விற்கிறார்கள். கால் மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரையிலான வெள்ளைக் குருணை, சிறு கண்ணாடிக் குப்பியில் கால் கிராம், அரை கிராம் அளவில் வரும். மிக மெதுவாகக் கரைவதே இதன் பலம். பல ஆண்டுகள் கழித்துத் துண்டெடுத்துப் பார்த்தாலும் குருணைகள் எலும்புக்குள் பொதிந்து கிடக்கும். அதுவே இதன் குறையும் ஆகிறது. இஸ்ரேலில் 2000இல் வெளியான ஆய்வொன்றில், ஒன்பது மாதம் கழித்து எடுத்த துண்டில் சராசரியாக 46 சதவீதம் புது எலும்பாகவும் 31 சதவீதம் கரையாத குருணையாகவும் இருந்தன. அகலம் காக்கப்படுகிறது, ஆனால் அந்த அகலம் முழுவதும் உயிருள்ள எலும்பு இல்லை. வேகமாகக் கரையும் செயற்கைப் பொருளில் நிலைமை நேர்மாறு: புது எலும்பின் பங்கு கூடலாம், கன அளவு குறையலாம். எல்லா வகையிலும் சிறந்த பொருள் என்று ஒன்று இன்னும் இல்லை. அப்படி யாராவது அடித்துச் சொன்னால் சற்று நிதானித்துக் கேட்பது நல்லது.

மாட்டெலும்பு என்பதை நோயாளியிடம் சொல்லியாக வேண்டும். குழியை மூட வைக்கும், கொலாஜன் என்ற புரதத்தால் ஆன சவ்வும் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுக்கப்படுவதே. நம் ஊரில் இது சிறிய செய்தி இல்லை. சைவ உணவுக்காரர், மாட்டைத் தெய்வமாகக் கருதுபவர், பன்றியை விலக்கியவர் ஆகிய எல்லோரும் அதே நாற்காலியில்தான் உட்காருகிறார்கள். 'எலும்புப் பொடி வைக்கிறோம்' என்று மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்குவதை ஒப்புதல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. மாற்று இல்லாமலும் இல்லை. செயற்கைக் குருணை இருக்கிறது. மீனிலிருந்து எடுத்த கொலாஜன் சவ்வுகள் சென்னையிலேயே தயாராகின்றன. நோயாளியின் இரத்தத்திலிருந்தே செய்யும் ஃபைப்ரின் (இரத்தம் உறையும்போது உருவாகும் நார்ப்புரதம்) சவ்வும் உண்டு. கேட்டால்தான் இந்த மாற்றுகள் பேச்சுக்கு வரும்.

செய்முறை பல்லை எடுக்கும் விதத்திலேயே தொடங்குகிறது. பல்லைக் குறடால் பிடித்து வெளிப்பக்கமாக அசைத்து அசைத்துத் தளர்த்துவது பழைய பழக்கம். அப்படிச் செய்யும்போது அந்த மெல்லிய சுவர்தான் முதலில் உடையும். காக்க வேண்டிய குழியில், கத்திபோன்ற மெல்லிய கருவியை வேரை ஒட்டிச் செருகி நார்களை அறுப்பார்கள். இரண்டு மூன்று வேர்கள் உள்ள பல்லை வெட்டிப் பிரித்து ஒவ்வொரு வேராக எடுப்பார்கள். ஈற்றை எலும்பிலிருந்து உரிக்காமல் விட்டால் வெளிச்சுவருக்கு அந்தப் பக்கத்து இரத்த ஓட்டமாவது மிஞ்சும். பல் வந்ததும் இரு விரலால் குழியை அழுத்திச் சுருக்குவது ஒரு காலத்தில் கல்லூரியில் கற்றுத்தரப்பட்ட வழக்கம். அகலத்தைக் காக்க நினைக்கும் இடத்தில் அதைச் செய்யக்கூடாது.

பிறகு கரண்டிபோன்ற கருவியால் குழிக்குள் உள்ள சீழ்த்திசுவை ஒட்டச் சுரண்டி எடுத்து, உப்புநீரால் கழுவி, சுவர்கள் நான்கும் இருக்கின்றனவா என்று முனை மழுங்கிய கம்பியால் தடவிப் பார்ப்பார்கள். குழியின் அடியிலிருந்து புது இரத்தம் கசிந்து வர வேண்டும். அது வராமல் எதை வைத்தாலும் பிடிக்காது. சிறு கிண்ணத்தில் கொட்டிய குருணை உலர்ந்த நிலையில் ரவைபோல உருளும். அதில் நோயாளியின் இரத்தத்தையோ உப்புநீரையோ சில சொட்டு விட்டதும் ஈர மணலைப்போலச் சேர்ந்து, கருவியின் நுனியில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சிறிது சிறிதாகக் குழியில் வைத்து, இறுக்காமல் தட்டி, எலும்பின் விளிம்புவரை நிரப்புவார்கள். இறுக்கித் திணித்தால் குருணைகளுக்கு நடுவில் இரத்தக் குழாய் புக இடமிருக்காது. மேலே கொலாஜன் சவ்வையோ பஞ்சுபோன்ற கொலாஜன் அடைப்பையோ வைத்து, எட்டு வடிவில் ஒரு தையல். குருணை வைக்கும் பகுதிக்குப் பெரும்பாலும் கால்மணி நேரம் போதும். அடுத்த சில நாளில் வாயில் மணல் நெருடுவதுபோல இரண்டொரு குருணைகள் வந்தால் பயப்பட வேண்டியதில்லை. மேலே தளர்வாக இருந்தவை அவை.

இதனால் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது? அமெரிக்காவில் 24 பேரிடம் நடத்தி 2003இல் வெளியான ஆய்வில், ஒன்றும் வைக்காத குழிகளில் அகலம் 9.1 மில்லிமீட்டரிலிருந்து 6.4க்குக் குறைந்தது, தானமாகப் பெற்ற எலும்பும் சவ்வும் வைத்த குழிகளில் 9.2லிருந்து 8.0க்குக் குறைந்தது. குழியைக் காப்பாற்றிய இடத்திலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போய்விட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டு மதிப்பீடு, அகலத்தில் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக மிஞ்சுகிறது என்றது. சான்றுகளைக் கடுமையாகச் சலிக்கும் காக்ரன் அமைப்பின் 2021ஆம் ஆண்டு மதிப்பீடு, விலங்கெலும்பால் அகலத்தில் 1.18 மில்லிமீட்டரும் உயரத்தில் 1.35 மில்லிமீட்டரும் மிஞ்சக்கூடும் என்றும், அந்தச் சான்றின் நம்பகம் மிகக் குறைவு என்றும் சொன்னது. பின்னால் இன்னொரு முறை எலும்பு வைக்க வேண்டிய தேவை இதனால் குறைகிறது என்பதற்கும் அந்த மதிப்பீட்டில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் என்பது கேட்கச் சிறியதாகத் தெரியும். நான்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள இம்பிளான்டைச் சுற்றி இரு பக்கமும் எலும்பு வேண்டும் என்னும்போது, எட்டு மில்லிமீட்டர் வரப்புக்கும் ஆறு மில்லிமீட்டர் வரப்புக்கும் இடையில் இருப்பது ஒரு தனி அறுவை சிகிச்சை.

ஆகவே எல்லாக் குழிக்கும் இது வேண்டியதில்லை. ஞானப்பல்லை எடுத்த இடத்தில் யாரும் பல் கட்டப்போவதில்லை. அங்கே எலும்புத்தூள் வீண்செலவு. சுவர்கள் தடித்திருந்து, ஆறெட்டு வாரத்திலேயே இம்பிளான்ட் வைக்கத் திட்டமிருந்தால் குழியைத் தானாக ஆறவிடலாம். சிரித்தால் தெரியும் மேல் முன்பல், வெளிச்சுவர் மெல்லியதாகவோ ஓரளவு உடைந்தோ இருக்கும் இடம், பணத்தாலோ வேலையாலோ இம்பிளான்டை ஆறு மாதத்திற்கு மேல் தள்ளிப்போட வேண்டிய நிலை, கன்ன எலும்புக்குள் உள்ள சைனஸ் என்ற காற்றறை வேரை ஒட்டிக் கீழிறங்கியிருக்கும் மேல் கடைவாய்ப்பல் ஆகியவற்றில் இதன் பயன் தெளிவாகத் தெரிகிறது. பாலம்போலப் பல் கட்டுபவர்களுக்கும் முன்பல் இடத்தில் இது உதவும். எலும்பு உள்வாங்கிய இடத்தில் கட்டிய பல் ஈற்றிலிருந்து முளைத்ததுபோல் இல்லாமல் மேலே ஒட்டிவைத்ததுபோல் தெரியும்.

பிடுங்கிய அன்றே இம்பிளான்டை வைத்துவிட்டால் எலும்பு கரையாது என்ற நம்பிக்கை நெடுநாள் இருந்தது. நாய்களிலும் மனிதர்களிலும் நடந்த ஆய்வுகள் அதைப் பொய்யாக்கின. டைட்டானியத்தைச் சுற்றி அந்த நார்கள் இல்லை, ஆகவே கற்றை எலும்பு எப்போதும்போலக் கரைகிறது. இந்தத் தர்க்கத்தை நேர்மாறாகப் பிடித்தவர் ஜெர்மனியின் மார்க்குஸ் ஹூர்ட்ஸ்லர். வேரின் உதட்டுப் பக்கத் துண்டை மட்டும் நாரோடு எலும்பில் விட்டுவிட்டு மீதியை எடுக்கும் முறையை அவர் 2010இல் எழுதினார். அழகான யோசனை, ஆனால் கைப்பழக்கம் மிகுதியாக வேண்டும், விடப்பட்ட துண்டில் பின்னால் தொற்றும் வரலாம். பிரான்சில் ஷுக்ரூன் 2001இல் அறிமுகப்படுத்திய இரத்த ஃபைப்ரின் முறை எளியது: பத்து மில்லி இரத்தத்தை எதுவும் கலக்காமல் சுழற்றினால் குழாயின் நடுவில் வெளிர்மஞ்சள் கட்டியாகத் திரளும். அதை அழுத்திச் சவ்வாக்கிக் குழியில் வைத்தால் ஈறு விரைவில் மூடுகிறது, வலியும் குறைகிறது. அகலத்தைத் தனியாகக் காக்கும் வலு அதற்குக் குருணையளவு இல்லை.

சிலரிடம் நிதானம் வேண்டும். புகை பிடிப்பவருக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் குழி ஆறுவதே தாமதமாகும். வைத்த குருணையில் தொற்று ஏறும் வாய்ப்பும் கூடும். எலும்புத் தேய்மானத்துக்காகவோ புற்றுநோய் எலும்பில் பரவியதற்காகவோ சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்ற மருந்து எடுப்பவர்கள் பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். அவர்களில் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிந்தபடியே அழுகிப்போவது 2003இலிருந்து அறியப்பட்டிருக்கிறது. சீழ் பிடித்து முகம் வீங்கிய நிலையில் குருணை வைப்பதைப் பெரும்பாலான மருத்துவர்கள் தள்ளிப்போடுவார்கள்.

குருணை வைத்த இடத்தை நான்கு முதல் ஆறு மாதம் விட்டுவைக்க வேண்டும். மூன்று மாதத்தில் எக்ஸ்ரே வெளுப்பாகத் தெரிந்தாலும் அந்த வெளுப்பில் பெரும்பங்கு குருணையினுடையதே. எலும்பு முற்றிவிட்டதற்கு அது சாட்சி ஆகாது. ஆறாவது மாதத்தில் ஈற்றைத் திறந்தால், நன்கு பிடித்த இடத்தில் வெண்குருணைகள் எலும்புக்குள் பதிந்து, சுரண்டினாலும் பெயராமல் இருக்கும். துளைக்கருவி இறங்கும்போது கை எதிர்ப்பை உணரும், துளையின் சுவரிலிருந்து இரத்தம் கசியும். பிடிக்காத இடத்தில் குருணைகள் மென்திசுவில் மிதந்து, கரண்டியோடு வந்துவிடும். நன்கு பிடித்த இடத்திலும் உதட்டுப் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்திருந்தால், இம்பிளான்டை முடுக்கிய பிறகு அதன் வெளிப்புறத்தில் இன்னும் சிறிது குருணையைத் தூவி, சவ்வைப் போர்த்தித் தைப்பார்கள்.